செவலையின் காது

மாட்டுக்காதை அறுத்தவள் என்ற பேர், மீன்சுருட்டிப் பக்கத்தில் பாப்பாயியை விட்டுக் கடைசிவரை போகவில்லை. சொன்னவர்களுக்கு என்ன, வாய் சும்மா இருக்குமா? பட்டவள் அவள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பாங்கிக் கடனில் கறவை மாடு கொடுத்தார்கள். அதுவரை விடிந்ததும் பண்ணை வீட்டு வாசலில் போய் நின்று, வேலை உண்டா என்று கேட்டுக் கேட்டே காலம் தள்ளியவள் பாப்பாயி. செவலைப் பசு வந்த பிறகு அந்த வாசலை அவள் மிதிக்கவில்லை. பால் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சொசைட்டிக்குப் போகும்போது அவள் நடையே வேறாக இருக்கும்.

மாடு வந்த அன்று, கால்நடை டாக்டர் அதன் காதில் நம்பர் போட்ட வில்லையைக் குத்தினார். பக்கத்தில் நின்ற பாங்கி ஆபீசர் வைத்திலிங்கம் இன்சூரன்ஸ் விவரம் சொல்லத் தொடங்கினார். "மாடு செத்துப்போச்சுன்னா..." என்று வாயெடுத்ததுமே பாப்பாயிக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு சார் இது? மொதல்ல காப்பித்தண்ணி குடிங்க."

லட்சுமி வாசல் ஏறும் நேரத்தில் சாவுப் பேச்சை எந்த வீட்டில்தான் பொறுப்பார்கள்? அவரும் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போய்விட்டார். சொல்ல வேண்டியது அதோடு நின்றுபோயிற்று.

மறுவருஷம் மழைக்காலத்தில், ஈரப்புல்லை மேய்ந்து வயிறு ஊதி, விடிவதற்குள் செவலை செத்துப்போனது. பாப்பாயி மண்ணில் புரண்டு அழுதாள். தோலுரிக்க வந்தவர்களை, அதன்மேல் கத்தி படக்கூடாது என்று திருப்பி அனுப்பினாள். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, முந்திரிக்கொல்லை ஓரத்தில் உப்புப் போட்டு, வெயில் ஏறுவதற்குள் அடக்கம் செய்தார்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. அதன்பிறகுதான் முகத்தைக் கழுவிக்கொண்டு, பாங்கியில் சொல்ல பஸ் ஏறினாள்.

வைத்திலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பொதச்சிட்டீங்களா? டாக்டர் அறுத்துப் பாத்து சர்டிபிகேட் தரணும்மா. வில்லையோட சேத்துக் காத வெட்டி அனுப்பணும். இல்லன்னா கம்பெனிக்காரன் ஒத்துக்கமாட்டான். வேற மாடும் கெடைக்காது, கடனும் அப்படியே நிக்கும்."

"இப்ப என்ன சார் பண்றது?"

அன்றைக்கு விடாமல் சொல்லியிருக்க வேண்டும் என்று அவருக்கும் உறுத்தியிருக்கலாம். "தோண்டணும். காலையில டாக்டர அழைச்சுட்டு வரேன். அதுக்கு மேல தாங்காது" என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. ஒரு உயிரை மரியாதையாக அனுப்பி வைத்தது குற்றமா? தன் கண்ணீரைப் பார்த்து நம்பாதவன், ஒரு துண்டுக் காதைப் பார்த்து நம்புவானாமே. ஆனாலும் எங்கோ ஊரில் உட்கார்ந்திருப்பவனுக்குச் செவலையை எப்படித் தெரியும் என்றும் தோன்றியது. நினைக்க நினைக்க ஆத்திரம் போய், பயம்தான் மிச்சம் நின்றது.

புருஷன் நல்லதம்பி காதில் வாங்கவே மறுத்தான். "பொதச்சதத் தோண்டுனா குடும்பம் வெளங்குமா? வேணாம் புள்ள."

"தோண்டலன்னா திரும்ப நீயும் நானும் பண்ண வூட்டு வாசல்லதான் போயி நிக்கணும். என்னால முடியாது."

மறுநாள் மண்வெட்டியை அவன் தொடவே இல்லை. கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் ஊரே நின்று பார்க்க, அவள்தான் மண்ணை வெட்டி எடுத்தாள். டாக்டர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வயிற்றை அறுத்துப் பார்த்தார். அடுத்துக் காதுக்குக் கையை நீட்டினார்.

"குடுங்க சார். பழகாத கையி வேணாம்" என்று கத்தியை வாங்கி அவளே அறுத்தாள்.

இன்சூரன்ஸ் பணம் தாமதமாக வந்தாலும் வந்து சேர்ந்தது. வேறு மாடும் வந்தது. பண்ணை வீட்டு வாசலுக்கு அவள் திரும்பப் போகவில்லை. ஊர்தான் அவளை வளைகாப்புக்கும் சடங்குக்கும் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. அவள் எதிரே வந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனவர்களும் உண்டு.

சில வருஷம் கழித்துப் பக்கத்துத் தெரு உண்ணாமலையின் பசு செத்தது. அதுவும் பாங்கி மாடுதான். யாரும் கூப்பிடாமலே பாப்பாயி போனாள். குழி வெட்டத் தொடங்கியவர்களை நிறுத்தி, மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பச் சொன்னாள்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளயா?" என்று உண்ணாமலை மண்ணை வாரி எறிந்தாள். பாப்பாயி நகராமல், செத்த மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாய்கிறபோது டாக்டர் ஜீப் வந்து நின்றது. உண்ணாமலை மெல்ல நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காத யாருக்கா அறுப்பா?"

"நான் அறுக்கறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."