எருமைச் சாணக் காளான்

குடகில், ஆடியை அவர்கள் கக்கடம் என்பார்கள், அந்தக் கக்கட மாதத்து மழை பிடித்துவிட்டால், அந்த ஊரில் யார் காளான் பறித்தாலும் முதலில் போஜம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். சாணத்தில் முளைத்தது என்றால் தண்டை ஒடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். ஒடித்த இடத்தில் நீலம் ஓடினால் தூக்கி எறிந்துவிடுவாள்.

அந்த வருடம் ஆனி மாதம், காப்பித் தோட்டத்தில் நிழல் மரக் கிளை கழிக்க ஏறிய அவள் கணவன் தம்மையா கீழே விழுந்து இறந்துபோனார். அழவேண்டிய நேரத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. பசித்தால் சாப்பிட்டாள், இருட்டினால் படுத்தாள்.

நாற்பது நாள்கூட ஆகவில்லை. கொழுந்தன் மனைவி பொன்னவ்வா வாழையிலையில் காளான் கொண்டுவந்தாள்.

"அக்கா, எருமை மேயிற பக்கம் பறிச்சேன். பாத்துச் சொல்லுங்க. உங்க கொழுந்தனுக்கு நாக்கு ஊறுது."

போஜம்மா பார்த்தாள். கண் பார்த்தது, மனம் அங்கே இல்லை. "நல்லதுதான், கொண்டு போ" என்றாள். தண்டை ஒடிக்கவில்லை.

மதியம் பொன்னவ்வா ஓடிவந்தாள். அன்று அவளுக்கு விரதம், காளானைத் தின்னவில்லை. "அக்கா, சுவரு மூச்சு விடுதுன்னு சொல்லிச் சிரிக்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு!"

பொன்னவ்வா வீட்டுச் சமையலறையில் மிச்சமிருந்த காளானை எடுத்து ஒடித்தாள் போஜம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியனுப்பிய ஜீப் வந்து நிற்பதற்குள் தண்டு மைக்கறையாக நீலம் பூத்துவிட்டது. அதைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நீட்டினாள். "நான்தான் நல்லதுன்னு சொன்னேன்."

அவர் புரட்டிப் பார்த்தார். "இதைக் கொண்டாந்தது நல்லதாப் போச்சும்மா. இப்படி நீலம் ஓடுற வகைன்னா புத்தி கலங்கும், தானாத் தெளிஞ்சுடும். எதுக்கும் பக்கத்துலயே வச்சுப் பாத்துக்கிறோம்."

கட்டிலில் கிடந்த கொழுந்தன் மாச்சய்யா தன் கால்மாட்டைக் கைகாட்டிச் சிரித்தான். "அண்ணி, அங்க பாருங்க. அண்ணன் சேத்துக் காலோட கட்டில்ல உக்காந்திருக்காரு. எறங்கச் சொல்லுங்க, நர்ஸம்மா திட்டும்!"

பொன்னவ்வா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். போஜம்மா அந்த இடத்தையே பார்த்தாள். விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. அவளுக்குள் எதுவும் அசையவில்லை.

மறுநாள் காலை மாச்சய்யா தெளிந்து எழுந்தான். வெட்கத்தில் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. பொன்னவ்வாதான் பொருமினாள். "இவ்வளவு வருசம் உங்க வார்த்தைய நம்பித்தானேக்கா திங்கிறோம்?"

"ஆமா" என்றாள் போஜம்மா. பிறகு கொழுந்தனிடம் கேட்டாள். "உங்கண்ணன் ஏதாவது சொன்னாரா?"

அவன் யோசித்தான். "ஒண்ணும் சொல்லல அண்ணி. சும்மா உக்காந்திருந்தாரு."

வீடு திரும்பும் வழியில் மேய்ச்சல் நிலத்தில் இறங்கினாள். எருமைச் சாணத்தில் அதே காளான். மூன்றைப் பறித்தாள், ஒடித்தாள், நீலம் ஓடும்வரை நின்றாள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு தட்டில் வைத்து, எதிரே உட்கார்ந்தாள். தின்னவேண்டும் என்றும் தோன்றவில்லை, கூடாது என்றும் தோன்றவில்லை.

அப்படியே இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் அவை கறுத்துக் குழைந்து புழு வைத்திருந்தன. வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவினாள். வாசலில் காளானோடு யாரோ கூப்பிட்டார்கள்.

"இனி நான் பாக்கிறதில்ல" என்று உள்ளிருந்தே சொன்னாள்.