மஸ்கிக்கு எந்த லீடர்?

வேலை போன பிறகு என் கணவர் வீட்டை விட்டு வெளியே போவது மீன்பிடிக்க மட்டும்தான். சென்ற ஞாயிறு ஒரு பெரிய மஸ்கி மீன் நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டு போனது. அன்று கட்டிலில் படுத்தவர் அதன்பிறகு யாரோடும் பேசவில்லை.

இன்று நானே சென்ட் லோரன்ட் தெருவிலுள்ள தூண்டில் கடைக்குப் போய், நூல் நுனியில் கட்டும் லீடர் கேட்டேன். கடைக்காரர் உருக்குக் கம்பியைக் காட்டினார்.

பின்னால் நின்ற தமிழர், "அக்கா, கம்பியைக் கண்டால் மீன் கிட்ட வராது. தண்ணிக்குள்ள தெரியாத ஃப்ளோரோகார்பன் நூல் எடுங்கோ" என்றார்.

"அதையும் கடிச்சு அறுக்காதோ?"

"மெல்லிசெண்டால் அறுக்கும். மொத்தமானதை எடுங்கோ."

நம்பிக்கையில்லாமல்தான் வாங்கிவந்து கட்டிலில் வைத்தேன். அவர் நெடுநேரம் விரலால் வளைத்துப் பார்த்தார்.

"இவ்வளவு மொத்தத்தில முடிச்சு இறுகாதே. என்னெண்டு கட்டுறது?"

ஒரு கிழமையில் அவர் பேசிய முதல் வசனம். உடனே இந்தக் குழுவில் எழுதுகிறேன்.

மஸ்கி பிடித்தவர்கள் அந்த முடிச்சு எப்படி என்று இன்றே எழுதுங்கள். மற்றவர்கள் தியானம், யோகா என்று எழுத வேண்டாம்.