விசாரணைக்கு மெலிதல்

ஜேர்மனியின் ஹம் நகர அகதி விடுதியில் ஓர் அறைக்கு நாலு பேர். மற்ற மூவரும் ஒல்லி. நான் சின்ன வயதிலிருந்தே பருமன். ஊரில் அதற்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

என் அகதி விண்ணப்பத்துக்கு ஒரே பலம், இலங்கை ஆமி என்னை மாதக்கணக்கில் அடைத்துவைத்து, அடித்து, அரைப்பட்டினி போட்டது. அதிகாரி அதை நம்பினால் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

விசாரணைக்கு முன் கதையைச் சொல்லிப் பார்ப்பது விடுதியில் வழக்கம். ஒருவர் அதிகாரியாக இருந்து கேட்பார், மற்றவர்கள் பிழை பிடிப்பார்கள். நான் சொல்லி முடித்ததும் ‘அதிகாரி’ என் வயிற்றைப் பார்த்தார்.

“அண்ணை, இது பட்டினி கிடந்த வயிறோ?”

“ஆமிக்காரன் பயத்தில குசினிச் சாவியை இவரிட்டக் குடுத்திருப்பான்,” என்றான் இன்னொருவன்.

“பகிடியை விடுங்கோடா. அண்ணை, கொஞ்சம் வத்திப்போய்ப் போங்கோ. இல்லாட்டி வெள்ளைக்காரன் நம்பமாட்டான்,” என்றான் மூன்றாமவன்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. தேவாலயத்தில் இலவச உடுப்புக் கொடுத்த பெண், ஒரு குளிர்கோட்டும் எனக்குக் கொள்ளாததைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவளுக்குக் கன்னத்தை ஊதிக் காட்டியிருந்தாள்.

விடுதியில் தந்த பாண் துண்டுகளை மற்றவர்களுக்குச் சாப்பிடக் கொடுத்துவிட்டு வெறும் தேத்தண்ணீரோடு கிடந்தேன். முகம் ஒட்டியது, கைத்தோல் தொங்கியது. வயிறு மட்டும் அப்படியே இருந்தது. விசாரணைக்கும் வெறும் வயிற்றோடுதான் போனேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார், பிறகு கதிரையைப் பார்த்தார். மொழிபெயர்க்க வந்தவன் இந்தியாவிலிருந்து படிக்க வந்த பையன்.

“பாத்து உட்காருங்க சார்,” என்றான்.

எந்த மாதம் பிடித்தார்கள், எந்த மாதம் விட்டார்கள் என்பதுதான் முதல் கேள்வி. தலை சுற்றியது. பிடித்த மாதத்தை விட்ட மாதமென்று சொன்னேன். திருத்தப்போய் வேறொரு மாதத்தைச் சொன்னேன்.

“தம்பி, நான் கனநாளாச் சாப்பிடேல்லை. அதுதான் குழம்புது. சொல்லுங்கோ.”

அவன் சொன்னான். அதிகாரி என் வயிற்றைப் பார்த்தார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் சிரிப்பை மறைக்கக் குனிந்தாள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வாக்குமூலம் முன்னுக்குப்பின் முரணானது என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

“சாப்பிட்டிட்டே போயிருக்கலாம் அண்ணை,” என்றான் அறையிலிருந்த ஒருவன். வத்திப்போகச் சொன்னதும் அவன்தான்.

மேன்முறையீடு செய்ய வழக்கறிஞரிடம் போனேன். தீர்ப்பில் எது பிழை என்று கேட்டார். அதில் என் உடம்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மாதங்களை மாற்றிச் சொன்னதும் உண்மை.