கோட்டைத் தேவாலயத்துக்குப் பிளான் கீறியவன்

வாடிக்கையாளர் ஆசைப்படுவதைக் கீறி, நகரசபை வெட்டச் சொல்வதை அழிப்பதுதான் பிளான் கீறுகிறவனின் பிழைப்பு. அழிறப்பரோடு விரலும் சேர்ந்து தேய்ந்த சகபாடிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

பழுப்புப் படம்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஒரு சிறிய நிறுவனம் என்னைப் பரீட்சார்த்தமாக வைத்திருந்தது. மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். நிலையான வேலை இல்லாமல் அவளைக் கனடாவுக்கு அழைக்க ஸ்பொன்சர் செய்யப் போகாதே என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள்.

முதலாளி ஒரு பழுப்பேறிய படத்தை மேசையில் போட்டார். ருமேனியாவிலிருந்து வந்த ஜெர்மன் இனத்தவர்கள் தங்கள் கிராமத்துத் தேவாலயத்தை ரொறன்ரோவுக்குப் பக்கத்திலுள்ள பிக்கரிங்கில் மறுபடி கட்டப் போகிறார்களாம். சுற்றிவர மூன்று ஆள் உயர மதில், அம்பு எய்யத் துவாரங்கள், மதிலின் உட்புறம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை. அந்தக் காலத்தில் துருக்கியர் படை வந்தால் ஊரே தானியத்தோடும் பன்றி வற்றலோடும் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுமாம். முதலாளி சுருக்கமாகச் சொன்னார்: "பிளான் பாஸானால் நீ நிரந்தரம். இல்லாவிட்டால், உன்னோடு பழகியதில் மகிழ்ச்சி."

எதிரிக்கும் சாய்தளம்

கோட்டை என்றால் ஒரே வாசல். கோபுரத்தில், ஒருவன் மட்டும் ஏறக்கூடிய சுழற்படி. சரித்திரம் தெரிந்தவன் என்ற திமிரில் அப்படியே கீறிக் கொண்டுபோனேன். நகரசபைப் பரிசோதகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அவசர வழி எங்கே என்றார். ஆள் நுழைய முடியாமல் செய்யத்தான் இதைக் கட்டினார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாசலில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்தார்.

"எதிரி சக்கர நாற்காலியில் வந்தால்? இங்கே ஒரு சாய்தளம் போடுங்கள்."

ஒரு கட்டில், ஒரு கோப்பை

அந்த மதிலில் ஒரு விசேஷ அறையும் இருந்ததாம். பிரிய வேண்டும் என்று வரும் புருஷன் பெண்சாதியைப் பாதிரியார் அதற்குள் விட்டுப் பூட்டிவிடுவார். ஒரு கட்டில், ஒரு கோப்பை, ஒரு கரண்டி. சமாதானமானால்தான் கதவு திறக்கும்.

ஸ்காபரோவில் நாங்கள் ஐந்து பேர் குடியிருந்த பேஸ்மென்றில், சோறு சாப்பிடும்போது இதைச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய குடும்பம் சண்டையில் வவுனியாவில் அகப்பட்டிருந்தது.

"உதில என்ன தண்டனை? அவையளுக்கு மனுசியெண்டாலும் பக்கத்தில இருந்திருக்கு."

துருக்கியர் வரலாம்

கதை பரவி, பண்டகசாலை ஒன்றுக்குள் கோயில் நடத்திய சபையின் செயலாளர் என்னைத் தேடி வந்தார். அவருடைய சபை அப்போதுதான் இரண்டாகப் பிளந்து, மூலஸ்தானப் பூட்டின் திறப்பு ஒரு பக்கமும் ஐயர் மறுபக்கமுமாக நின்றது. படத்தில் இருந்த மதிலை ஆசையாகத் தடவினார். தங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டுமாம். "இஞ்ச ஆரண்ணை எதிரி? துருக்கியரே வரப்போகினம்?" என்றேன்.

"துருக்கியன் வந்தா நாங்களே கதவைத் திறந்து விடுவம், தம்பி. பழைய தலைவர் வரக்கூடாது."

இடுப்பளவு

கடைசியில் மதிலுக்கே வெட்டு விழுந்தது. தெருப்பக்கம் இடுப்புக்கு மேல் எழுப்பக்கூடாதாம்; அயலவர்களின் பார்வையை மறைக்குமாம். வெட்டினேன். அதைத் தேவாலய சபைத் தலைவரிடம் காட்டி ஒப்பம் வாங்கும் வேலையும் என் தலையில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கனடா வந்த கிழவர் அவர். மாட்டேன் என்றால் பிளானும் போச்சு, நானும் போச்சு.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஊரில் அந்த மதிலை எந்தப் படையாவது உடைத்ததா என்று கேட்டேன். ஒருநாளும் இல்லை என்றார், நெஞ்சை நிமிர்த்தி. இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்றேன். கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்து எல்லை திறந்த கையோடு சனமெல்லாம் ஜெர்மனிக்குப் போய்விட்டதாம். மணி அடிக்கக்கூட ஆள் இல்லையாம். நானும் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவன்தான். கிழவர் பேனையை எடுத்து ஒப்பமிட்டார்.

"உள்ளே வர ஒருவனையும் அது விடவில்லை. வெளியே போன எங்களை அதனால் மறிக்க முடிந்ததா? இடுப்பளவு போதும்."

எந்தப் பகைவனையும் மறிக்க முடியாத அந்தக் குட்டை மதில்தான், கொழும்பு லொட்ஜிலிருந்து என் மனைவியை ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.