பதினொன்றே முக்காலுக்குப் பூட்டும் சரக்குச் சந்தை

போன ஆவணியில் கல்லடியில் ஒரு கல்யாணம். சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு நானும் இவரும் வியாழனே கொழும்பிலிருந்து வந்து இறங்கிவிட்டோம். வெள்ளிக்கிழமை சும்மா கிடந்தது. வாவிக்கரையில் கூரை போட்ட பழைய சரக்குச் சந்தை ஒன்று இருக்கிறதாம், கறுவா நன்றாக இருக்குமாம் என்று இவர்தான் தொடங்கினார். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமாக்காரர். வீட்டில் செத்தல் மிளகாய் வறுத்தால் கேற்றுக்கு வெளியே போய் நிற்கிற மனிதருக்கு எதற்குச் சரக்குச் சந்தை? கேட்டேன். கேட்டு என்ன பலன்.

ஊர்ப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது வாசித்தால் விளங்கும். கல்லடியிலிருந்து பதினேழு கிலோமீற்றர். போய்வர, அங்கே காத்திருக்க எல்லாமாக 3,500 ரூபாய்க்கு ஓட்டோ பேசினோம். ஓட்டோக்கார மோகன் அண்ணருக்கு ஐம்பது வயதிருக்கும். 9.40க்குப் புறப்பட்டு 10.20க்குப் போய்ச் சேர்ந்தோம்.

இறங்கும்போதே அவர் சொன்னார்: "அக்கா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகைக்குப் பதினொண்டே முக்காலுக்குச் சந்தையப் பூட்டிருவாங்க. பிறகு ஒண்டே காலுக்குத்தான் திறப்பாங்க. அதுக்குள்ள வெளிய வந்திருங்க."

நீளமான ஓட்டுக்கூரை மண்டபம். நடுவே ஆறடி நடைபாதை, இருபக்கமும் கடைகள், இரண்டு முனையிலும் பெரிய மரக்கதவு. எத்தனை காலப் பழசு என்று கேட்டால் கடைக்கொரு நூற்றாண்டு சொல்கிறார்கள். வெளி வெயிலிலிருந்து வந்தவருக்கு உள்ளே கொஞ்ச நேரம் கண் தெரியாது, மூக்குத்தான் தெரியும். கராம்பு, சாதிக்காய், மஞ்சள், ஏலம். ஏலக்காய் நூறு கிராம் 1,400 சொன்னார்கள், 1,300க்கு வாங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் இடம் பிடித்துப்போயிற்று.

பதினொன்றரைக்கு எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. கண்ணெல்லாம் நீர். இவர் ஒரு மூலைக் கடையில் மூட்டைகளுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து கறுவாப்பட்டையை முறித்து முறித்து மணந்துகொண்டிருந்தார். "இஞ்சாருங்கோ, நான் வெளியில பிளேன்ரீ குடிக்கிறன், அஞ்சு நிமிசத்தில வாங்கோ" என்றேன். தலையாட்டினார். அவருடைய இன்ஹேலர் என் கைப்பையில். சட்டைப்பையில் வைத்தால் எங்காவது விழுத்திவிடுவார் என்று பல வருடமாக நான்தான் சுமக்கிறேன். என்ன கெட்டித்தனம்!

தேநீர்க்கடையில் நிற்கும்போது பார்த்தேன், முன்முற்றத்தில் பாய்களில் காயப்போட்டிருந்த செத்தல் மிளகாயை ஆண்கள் ஓட்டமும் நடையுமாக அள்ளி உள்ளே கொண்டுபோனார்கள். தொழுகை நேரத்தில் காவலுக்கு ஆளிருக்காது, ஆடு மாடு வாய்வைக்கும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் பூட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் நடைபாதையிலேயே கொட்டிவிட்டுப் போவார்களாம். சிவப்பாய்ப் புழுதி எழும்பியது. பிறகு கதவைச் சாத்தி ஆமைப்பூட்டுப் போட்டார்கள். இவர் மற்ற வாசலால் ஓட்டோவுக்குப் போயிருப்பார் என்று நான் ஆறுதலாகச் சுற்றிக்கொண்டு போனேன். ஓட்டோவில் மோகன் அண்ணர் மட்டும்தான் இருந்தார்.

போன் அடித்தது. 11.52.

"பூட்டிட்டாங்கள்... மிளகாய்... மூச்சு..." அவ்வளவுதான். பிறகு இருமல். பிறகு இருமலும் இல்லை, விசில் மாதிரி ஒரு சத்தம்.

ஐயோ கடவுளே! மோகன் அண்ணரிடம் கத்திச் சொன்னேன். மோகன் அண்ணர் "பூட்டுத் திறப்பு பள்ளிக்குப் போன காவல்காரர்ட இருக்கும், நான் போறன்" என்று அரைக் கிலோமீற்றர் தள்ளியிருந்த பள்ளிவாசலை நோக்கி ஓட்டோவை முறுக்கினார். தெருவில் ஈ காக்கை இல்லை. சந்தையின் பின்பக்கம் ஒரு ஒழுங்கை, சுவரோடு ஒட்டினாற்போல் வீடுகள். நான் கண்ட கதவையெல்லாம் இரண்டு கையாலும் அடித்தேன். "திறவுங்கோ! கதவைத் திறவுங்கோ!" என்று பேய் பிடித்தவள் மாதிரிக் கத்தினேன். முதல் வீட்டில் உள்ளே பேச்சுக்குரல் கேட்டது, நான் தட்டியதும் நின்றது. இரண்டாவது வீட்டில் யாரோ உள்ளே தாழ்ப்பாளைப் போட்டார்கள். நெஞ்சில் ஈரமில்லாத சனம் என்று வாய்விட்டுத் திட்டினேன்.

மூன்றாவது கதவில் எனக்குத் தெம்பு போய்விட்டது. வாசற்படியில் குந்தி அழுதேன். "என்ர மனிசன் சந்தைக்குள்ள அம்மா. மூச்சு எடுக்க ஏலாமல் இருக்கிறார். மருந்து என்னட்ட இருக்கு."

கதவு திறந்தது. என் வயதுக்காரி ஒருவர், முக்காடு போட்டிருந்தார். பெயர் பரீதா என்று பிறகுதான் தெரியும். "வாங்க புள்ள, கெதியா வாங்க." அவர்கள் வீட்டில் பெண்கள் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக் கடைக்குக் கொடுப்பவர்களாம். மூட்டை மாற்றுவதற்காகப் பின்முற்றத்தில் சந்தைக்குள் திறக்கும் ஒரு சின்னக் கதவு இருந்தது. தாழ்ப்பாள் வீட்டுப் பக்கம். உள்ளேயிருந்து யாராலும் திறக்க முடியாது.

இவர் முக்காலிக்குக் கீழே சரிந்து கிடந்தார். உதடு நீலம். என் அவசரத்தில் இன்ஹேலர் கீழே விழுந்துவிட்டது, பரீதாதான் தடவி எடுத்துத் தந்தார். ஒன்று, இரண்டு, மூன்று தரம் அடித்தும் ஒன்றுமில்லை. நாலாவதுக்கு நெஞ்சு ஏறி இறங்கியது. செத்துப் பிழைத்தது அவரல்ல, நான்.

முற்றத்துக் காற்றில் கொண்டுவந்து இருத்தினோம். பேச்சு வந்ததும் இவர் சொன்ன முதல் வார்த்தை: "கடைக்காரர், கொஞ்சம் கடையைப் பார்த்துக்கொள்ளுங்க எண்டு போட்டுக் தொழுகைக்குக் கைகால் கழுவப் போனவர், அப்பிடியே பள்ளிக்குப் போயிட்டார் போல. எல்லாரையும் வெளியில போகச் சொல்லிக் கத்தினது கேட்டதுதான். பொறுப்புக் குடுத்த கடையை விட்டிட்டு எப்படி வாறது?" நல்ல காவல்காரர்! அடிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் பரீதாவின் இடது கையைக் கவனித்தேன். மிளகாய் இடிக்கும் இரும்புலக்கை. கதவு திறந்ததிலிருந்து கீழே வைக்கவேயில்லை.

"தொழுக நேரத்தில கத்திக் கதவுக்கு அடிச்சா நாங்க திறக்கிறல்ல புள்ள" என்றார். "முந்தி சண்டக் காலத்தில ஒருக்கா அப்புடித்தான் துவக்கோட வந்தாங்க. எண்ட வாப்பா பள்ளிக்குப் போனவர், திரும்பி வரல்ல."

"பிறகு ஏன் திறந்தீங்கள்?"

"மருந்து எண்டு சொன்னீங்கதானே."

மோகன் அண்ணர் பள்ளிக் கூட்டத்துக்குள் காவல்காரரைத் தேடிப்பிடித்து, திறப்போடும் நாலைந்து பேரோடும் வந்தபோது 12.25. தொழுகையை விட்டு எழுந்து வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆவி மருந்து பிடித்து, மூன்று மணிக்கு விட்டார்கள். கல்யாணத்துக்குப் போனோம்.

இடத்தை விசாரித்துப் போக நினைப்பவர்கள் தாராளமாகப் போங்கள், ஆனால் வெள்ளிக்கிழமை வேண்டாம். வேறு நாட்களில் காலை ஒன்பதுக்கு முன் போனால் புழுதி குறைவு. மூச்சுக்கோளாறு உள்ளவரின் மருந்து அவருடைய சட்டைப்பையில்தான் இருக்கவேண்டும், மனைவியின் கைப்பையில் அல்ல. கதவு தட்டவேண்டி வந்தால் முதலில் நீங்கள் யார், என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தட்டுங்கள்.

நான் திட்டிய அந்த முதல் இரண்டு கதவுகளையும் அடிக்கடி நினைக்கிறேன். அவற்றுக்குப் பின்னாலும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருப்பார்கள்.