ஐந்து இடியப்பங்களுக்குப் பிறகு

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது, மெல்லிய தூறல். கார்ஜ் என்ற புறநகரில் இருக்கும் என் மகள் பதினொரு நாளாக எனக்குப் போன் எடுக்கவில்லை. இனி உன்னோடு பேச்சில்லை என்று சொல்லிவிடத் தீர்மானித்து, ஏழு காரணங்களைக் கடித உறை ஒன்றின் பின்னால் எழுதிக்கொண்டு, தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்தேன். அதுவரை குடித்தது பால் சேர்க்காத மூன்று பிளேன்ரீ.

நாலாவதைக் கேட்டேன். கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். புருவத்தில் எப்போதும் கொஞ்சம் அரிசிமா ஒட்டியிருக்கும். யார் வந்தாலும் முகத்துக்கு முன் கையைத்தான் பார்ப்பாள். காசு இருக்கிறதா என்று பார்க்கிறாள் என நினைத்திருந்தேன்.

"ஐயா, கை நடுங்குது. காலமை சாப்பிட்டனீங்களோ?"

"அதை விடு பிள்ளை. மகளோட சண்டை பிடிக்க வேணும்."

"ஓம், பிடியுங்கோ. வெறும் வயித்தோட வேண்டாம். பசிச்சா எனக்கு என்ரை மனுசனே எதிரிதான். சாப்பிட்டாப் பிறகு அரைவாசி எதிரி."

கேளாமலே ஐந்து இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு உறையை வாசித்தேன். மூன்றாவது காரணமும் ஆறாவதும் ஒன்றுதான். இன்னும் இரண்டு காரணங்கள் மருமகனுடைய பிழைகள். மிச்சம் நாலு. நாலு காரணத்துக்காக ஒரே மகளை விட மனம் வரவில்லை. மகளுக்குப் போன் எடுத்தேன்.

"சாப்பிட்டனியே பிள்ளை?"

"ஓம் அப்பா. நீங்கள்?"

கடைக்காரப் பெண் என் மனதைப் பார்த்துச் சொன்னாளா, மிஞ்சிய இடியப்பத்தை விற்றாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பிளேன்ரீயோடு சேர்த்து ஆறு யூரோ ஐம்பது சதம்.