கூட்டத்துக்குள்ள நடந்த பூனை

லண்டனில, பார்க்கிங் எண்ட இடத்தில, எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்கப்போகினம் எண்டு கேள்விப்பட்டதும் எனக்கு நித்திரை வரேல்லை. அந்த வகுப்பை நான்தான் படிப்பிக்கவேணும். யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாத காலத்தில, கொம்பியூட்டரைத் தொடாமலே புரோகிராமிங் படிச்சனான். கடதாசியில எழுதிப்போட்டுக் கண்ணை மூடி மனசுக்குள்ள ஓட்டிப் பார்க்கிறது. இஞ்ச வந்து பிள்ளையள், ஷிப்ட் வேலை எண்டு காலம் ஓடிப்போச்சு. எண்டாலும் பஸ்ஸில கண்ணை மூடினா ஏதாவது ஒரு புரோகிராம் இப்பவும் உள்ளுக்குள்ள ஓடும்.

எந்தப் புரோகிராமிங் மொழியில தொடங்கிறது எண்டு பெற்றோர் கூட்டம் வைச்சவை. தமிழ்நாட்டு எஞ்சினியர் தம்பி ஒருத்தர் எழும்பி, "பைதன் சொல்லிக்கொடுக்கலாம்க்கா. நாளைக்கு வேலைக்கு உதவும். நானே எடுக்கிறேன்" எண்டார். நல்ல பிள்ளைதான், ஆனா எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏழு வயசுப் பிள்ளைக்கு நாளைக்கு என்ன வேலை? பைதனில ஒரு புள்ளி பிழைச்சாலே எல்லாம் நிண்டிடும். கண்ணைக் கட்டிக் காட்டில விட்ட மாதிரித்தான் முழிக்குங்கள்.

"ஸ்க்ராட்சில தொடங்குவம்" எண்டன். "சொல்லெழுதின கட்டையளை இழுத்து அடுக்கினாச் சரி, திரையில இருக்கிற பூனை அதின்படி நடக்கும். தமிழிலயும் வரும்."

"அது விளையாட்டெல்லோ" எண்டு ஒரு தாய் சொன்னா.

என்ர வாய் சும்மா இருக்குமே? "எல்லாரும் கண்ணை மூடுங்கோ" எண்டன். சிரிச்சுக்கொண்டுதான் மூடிச்சினம். தம்பியும் மூடினார். நான் மெதுவா, ஒவ்வொரு கட்டையாச் சொன்னன்: "பூனையே, பத்து அடி நட. கரையில முட்டினால் திரும்பு. எப்போதும் இதையே செய்."

வெளியில மழை தூறிக்கொண்டிருந்தது. விளையாட்டெண்டு சொன்ன தாயின்ர தலை மெதுவா இந்தப் பக்கம் போய், பிறகு அந்தப் பக்கம் திரும்பிச்சுது. அவவின்ர பூனை கரையில முட்டிட்டுது எண்டு எனக்கு விளங்கிச்சு. இவ்வளவு காலமும் எனக்குள்ள மட்டும் ஓடினது இண்டைக்கு இத்தனை பேருக்குள்ள ஓடுது.

கனநேரமாப் பூனை அங்கயும் இஞ்சயும் நடந்துகொண்டே இருந்தது. தம்பி கண்ணைத் திறக்காமலே கேட்டார், "அக்கா, இது எப்பதான் நிக்கும்?"

"வகுப்பை எனக்குத் தந்தா நிப்பாட்டுறன்."

"ஆமா, நீங்களே எடுங்கக்கா" எண்டார். மற்றவையும் ஓம், ஓம் எண்டிச்சினம்.

எண்டாலும் ஒருத்தரும் கண்ணைத் திறக்கேல்லை. நானும் பூனையை நிப்பாட்டச் சொல்லேல்லை.